ஒஸ்லோவில் ஆறுதலாகக் கதைக்கலாம்

ஐரோப்பாவை ரயிலில் மலிவாகச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிற நம்மவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லாத ஊராகப் பார்த்து இறங்க வேண்டும். அது லேசான காரியம் இல்லை. உலகப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலும், அந்த விரலுக்குக் கீழே ஒரு சித்தப்பாவோ, சித்தப்பாவோடு படித்தவரோ, அவருடைய மனைவியின் தமக்கையோ சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

வினோஜாவும் கஜரூபனும் பிரசல்சில் தப்பினார்கள். ஹம்பர்க்கில் தப்பினார்கள். கொப்பன்ஹேகனில் கஜரூபனின் தூரத்து மாமா ஒருவர் இருந்தார். அந்தக் கிழமை அவர் கனடாவுக்குப் போயிருந்தபடியால் அங்கும் தப்பினார்கள். ஒஸ்லோவில் மாட்டிக்கொண்டார்கள்.

இருவருக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம். ஆனால் சேர்ந்து வாழ்ந்த காலம் சொற்பம். கஜரூபன் பாரிசில் வளர்ந்தவன், குளிரூட்டிகள் பொருத்துகிற கம்பனியில் வேலை செய்பவன். யாழ்ப்பாணத்துக்கு வந்து தாலியைக் கட்டிவிட்டு, லீவு முடிந்ததென்று விமானம் ஏறிவிட்டான். விசா வரும்வரை போனில்தான் குடும்பம். இந்தச் சித்திரையில்தான் வினோஜா பாரிசில் வந்து இறங்கினாள். இறங்கிய வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் மாமனாரும் மாமியாரும், மற்றதில் கஜரூபனின் இரண்டு தங்கைகள். புதுத்தம்பதிக்கு ஹோலில் ஒரு மூலை, அந்த மூலைக்கு ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் இவள் ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பக்கம் மாமனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். மரியாதைக்காகக் குறைக்கிறாரா, கேட்பதற்காகக் குறைக்கிறாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கஜரூபன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டான், கத்த மாட்டான், அவள் கேட்காமலே தேநீர் போட்டுக் கொடுப்பான். இந்த ரயில் பயணம்கூட அவனுடைய யோசனைதான். மலிவாக ஒரு பாஸ் எடுத்து, ஆளுக்கொரு முதுகுப்பையும், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு சின்னக் கேத்தலும், ஒரு பை நிறைய நூடில்சுமாகக் கிளம்பினார்கள். இரவில் விடுதிகளில் தகரக் கட்டில். பகலில் காசு கேட்காத இடங்களாகப் பார்த்து நடை. வினோஜா வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ரயில் பெட்டியில் அவன் தோளில் சாய்ந்துகொண்டு வாழைப்பழம் தின்றாள், உரக்கச் சிரித்தாள். யாரும் எதன் சத்தத்தையும் குறைக்கவில்லை.

ஹம்பர்க் துறைமுகத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, மனதில் கிடந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

“இஞ்சருங்கோ, நாங்கள் தனிய ஒரு வீடு பாப்பமே? ஒரு சின்ன அறை காணும். நானும் வேலைக்குப் போவன். அந்தத் திரைக்குப் பின்னாலை எனக்கு மூச்சு முட்டுது.”

கஜரூபன் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையைப் பிடித்தான்.

“யோசிப்பம் வினோ. ஒஸ்லோவிலை ஆறுதலாக் கதைப்பம்.”

ஒஸ்லோவுக்கு அவர்கள் இரண்டு நாட்கள் ஒதுக்கியிருந்தார்கள். கடலுக்குள் சரிந்து இறங்குகிற ஒபரா என்கிற இசையரங்கின் வெள்ளைக் கூரையில் யாரும் ஏறி நடக்கலாம், காசு இல்லை என்று அவள் படித்திருந்தாள். அந்தக் கூரையில் ஏறி உட்கார்ந்தால் அவன் பதில் சொல்லுவான் என்று மனதுக்குள் முடிவுகட்டி வைத்தாள். அதற்குப் பிறகு அவன் வாயைக் கிண்டவில்லை. அவசரப்படுத்தினால் பதில் பிழையாக வந்துவிடும் என்று பயம்.

ஒஸ்லோவில் விடுதி விலையைப் பார்த்த கஜரூபன் தகப்பனுக்குப் போன் எடுத்ததுதான் வினை. தகப்பன் துள்ளிக் குதித்தார். “சோதி அங்கை இருக்கேக்கை உனக்கென்னத்துக்கு விடுதி? அவன் கேள்விப்பட்டால் என்னை மதிப்பானோ?”

சோதிலிங்கமும் கஜரூபனின் தகப்பனும் ஒருகாலத்தில் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்கிற பனிக்கிராமத்தில் ஒரே தொழிற்சாலையில் மீன் வெட்டி, ஒரே அறையில் படுத்து எழும்பியவர்கள். அங்கிருந்து தகப்பன் பிரான்சுக்குப் போனபோது போட்டுக்கொண்டு போனது சோதிலிங்கத்தின் குளிர்ச்சட்டை. அந்தச் சட்டையின் கதையைக் கஜரூபன் பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறான். அப்படிப்பட்டவர் வீட்டில் இரண்டு இரவு தங்கினால் என்ன குறைந்துவிடும் என்று அவன் நினைத்தான்.

ஒஸ்லோ நிலையத்தில் சோதி மாமா காரோடு வந்து நின்றார். கஜரூபனைக் கட்டிப் பிடித்தார், கண் கலங்கினார், இருவரின் முதுகுப்பைகளையும் பறித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கார் வெளியே வந்தபோது கட்டடங்களின் இடைவெளியில் அந்த வெள்ளைக் கூரை வெயிலில் மின்னியதை வினோஜா கண்டாள். அதில் ஆட்கள் நடந்துகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

“அதுதானே மாமா ஒபரா?”

“அதேதான் பிள்ளை. இப்ப வாற சுரங்கத்துக்குப் பேரும் ஒபராச் சுரங்கம்தான். பாரும், உள்ளை எவ்வளவு நீளம் எண்டு.”

மேலே ஏறி நடக்க நினைத்துக்கொண்டு வந்தவள், பக்கத்தால் நிலத்துக்குக் கீழே போய்விட்டாள். நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று கஜரூபன் அவள் காதில் சொன்னான்.

எல்லிங்ஸ்ருட்டில் சோதி மாமாவின் வீட்டு வாசலில் தேவிகா மாமி ஆலாத்தித் தட்டோடு நின்றாள். கல்யாணத்துக்கு வர முடியாத குறையை அன்றே தீர்த்துவிடுவது என்று மாமி முடிவு செய்திருந்தாள். நண்டும் கணவாயும் ஆட்டிறைச்சியும் மேசையில் இடமில்லாமல் நின்றன. இவ்வளவு நாளும் நூடில்ஸ் தின்ற வயிறுகள் என்று சொன்னதும் மாமி மார்பில் கைவைத்து, பட்டினி கிடந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, சாப்பாடு அமிர்தமாக இருந்தது. வினோஜாவும் வஞ்சகமில்லாமல் தின்றாள்.

படுக்கிற நேரம்தான் விஷயம் தெரிந்தது. அந்த வீட்டிலும் அறை இரண்டு. ஒன்று மாமாவுக்கும் மாமிக்கும். மற்றது மகள் சாருகா படிக்க வெளியூர் போன பிறகு சாமியறையாக மாறிவிட்டது. சுவர் நிறையப் படங்கள், நடுவில் அணையாமல் ஒரு மின்விளக்கு.

“சாமியறைக்குள்ளை புருசனும் பெண்சாதியும் படுக்கலாமோ? பொம்பிளையள் நாங்கள் என்ரை அறைக்குள்ளை படுப்பம். ஆம்பிளையள் ஹோலுக்கை படுக்கட்டும். ரண்டு பேருக்கும் எவ்வளவு கதை கிடக்கு” என்றாள் மாமி.

பாரிசில் ஒரு திரைச்சீலைதான் தடையாக இருந்தது. ஒஸ்லோவில் சுவரே வந்துவிட்டது. மாமா படுக்கிற இடத்தில், மாமியின் பக்கத்தில் வினோஜா விறைத்துப் போய்க் கிடந்தாள்.

காலையில் மாமி போனை எடுத்தாள். பெருமையில் எடுத்ததுதான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “எங்கடை ரூபன் வந்து நிக்கிறான், புதுப்பொம்பிளையோடை” என்று ஒரு வீட்டுக்குச் சொன்னாள். நம்மவர்களிடம் ஒரு வீட்டுக்குச் சொன்னால் போதும். மத்தியானத்துக்குள் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம் முழுவதும் கேள்விப்பட்டுவிட்டது. கஜரூபனின் தகப்பனோடு மீன் வெட்டியவர்கள், அவர்களுடைய தம்பிமார், தம்பிமாரின் சம்பந்திகள் என்று ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார்கள்.

புதுமாப்பிள்ளை பொம்பிளைக்கு விருந்து வைப்பது நமது வழக்கம். கல்யாணமாகி ஒன்றரை வருடம் என்றால் என்ன, இருவரும் சோடியாக வீட்டுப்படி ஏறாதவரை புதுசுதான். அதிலும் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அடுத்த வீட்டில் நனைக்காமல் போனால் அது அவமரியாதை. அந்த அடுத்த வீட்டுக்காரர் தங்கள் அடுத்த கல்யாணத்துக்குச் சோதி மாமாவைக் கூப்பிடுவார்களா என்பதே சந்தேகம். ஆகவே முதல் அழைப்புக்கு ஓம் என்றபோதே மிச்ச அழைப்புகளுக்கும் ஓம் என்றாகிவிட்டது. இந்தக் கணக்கு வினோஜாவுக்குத் தெரியும். கஜரூபனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் தலையை ஆட்டினான்.

“ஒரே ஒரு வீடுதானே வினோ. முகத்தை முறிக்கேலாது. பேந்து நாங்கள் ஒபராவுக்குப் போவம்.”

விருந்துக்குக் காற்சட்டையோடு போக முடியாது. மாமி தன் அலுமாரியைத் திறந்து ஒரு கூறைச்சேலையை உதறினாள். மாமியின் சட்டைக்குள் வினோஜா இரண்டு தடவை போகலாம். பின்னால் ஊசி குத்திக் குத்தி இறுக்கியபோது மாமியின் கை அவள் கழுத்தில் நின்றது.

“தாலிக்கொடி எங்கை பிள்ளை?”

“பாரிசிலை மாமி வாங்கி வைச்சிட்டா. ரயிலிலை கள்ளர் எண்டு.”

மாமி திகைத்துப் போனாள். வெறுங்கழுத்தோடு விருந்துக்குக் கொண்டுபோனால் தன் மானம் போய்விடும் என்று, தன்னுடைய பதக்கச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுவிட்டாள். அது கனத்தது. தலையைக் குனிந்தால் சோற்றில் முட்டியது.

முதல் நாள் மத்தியானம் வரதராசா வீடு, இரவு அவருடைய மச்சான் வீடு. மறுநாள் மேரியம்மா வீடு. அவர்கள் வேதக்காரர்கள், ஆனாலும் விருந்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே சோபா, ஒரே கேள்வி. “விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்று பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். இருவரும் தனியாக ஒரு கட்டிலில் படுத்துப் பல நாளாகிறது, விசேஷம் எங்கிருந்து வரும் என்று கேட்க அவளுக்கு வாய் துடித்தது. சிரித்து வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டு மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ. வீடியோ முடிந்ததும் பரிசு. ஒரு வீட்டில் குத்துவிளக்கு கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் றைஸ் குக்கர். முதுகுப்பையோடு ஊர் சுற்றுகிறவர்களிடம் குத்துவிளக்கைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அதற்காகக் கோபிக்கவும் முடியாது. எல்லோரும் மனம் நிறைந்துதான் கொடுத்தார்கள்.

அதுதான் அவளை வதைத்தது. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்துவிட்டு வெளியேறலாம். இங்கே எல்லோரும் நல்லவர்கள். கதவு எல்லாம் திறந்துதான் கிடந்தது, ஒவ்வொரு கதவிலும் ஒரு நல்ல மனிதர் சிரித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு நாள் முடிந்தபோது புறப்படவில்லை. கஜரூபன் ஸ்டொக்ஹோமை வெட்டினான். பிறகு பெர்லினை வெட்டினான். வெட்டியதை அவளிடம் கேட்கவில்லை, சொன்னான். போனில் அவர்களுடைய பயணப்பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒஸ்லோவில் இருந்து நேரே பாரிஸ் என்று ஆகிவிடுமோ என்று அவள் கணக்குப் பார்த்தாள். பாரிஸ் என்றால் திரைச்சீலை. பதில் வராமல் திரைக்குப் பின்னால் போனால் பிறகு ஒருபோதும் வராது.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. மேரியம்மா வீட்டில் பல்கனியில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

“நான் கேட்டதை யோசிச்சீங்களோ?”

“ஓம் வினோ, யோசிச்சுக்கொண்டுதான்…” என்று அவன் தொடங்கினான். மேரியம்மா ஒரு தட்டில் றோல்ஸ் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் நீட்டினாள். அவன் இரண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று மாலை அந்த வீட்டு லிஃப்டில் இறங்கும்போது, மாமாவும் மாமியும் படியால் வந்ததால், இருவரும் தனியாக அகப்பட்டார்கள். அவள் மறுபடி கேட்டாள். “அப்பா என்ன நினைப்பார் எண்டுதான்…” என்று அவன் சொல்ல, கதவு திறந்துவிட்டது.

ஒருநாள் காலை, தனியாகவாவது போய் அந்தக் கூரையில் ஏறிவிட்டு வருவோம் என்று சேலையை விட்டுக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். எல்லிங்ஸ்ருட்டில் இருந்து சுரங்க ரயில் நேரே நகரத்துக்குப் போகிறது, மாற வேண்டியதுகூட இல்லை. தேவிகா மாமி வெங்காயம் உரித்த கையோடு ஓடி வந்தாள்.

“தனியவோ? பாஷை தெரியாத ஊரிலை? தம்பி எங்கை எண்டு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஆக்கள் கண்டால், ரண்டுக்கும் கோவம் எண்டெல்லே கதை கட்டுவினம்!”

கஜரூபன் சோபாவில் இருந்து நிமிர்ந்து பார்த்தான். “பின்னேரம் சேர்ந்து போவம் வினோ, இரும்” என்றான். பின்னேரம் வேறொரு வீட்டில் விருந்து.

வினோஜா சப்பாத்தைக் கழற்றிவிட்டு மாமியோடு சேர்ந்து வெங்காயம் உரித்தாள். கண்ணீர் வந்தது, அதற்கு வெங்காயம் நல்ல சாட்டாக இருந்தது. மாமி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“அந்தக் கூரையிலை அப்பிடி என்ன இருக்கு பிள்ளை?”

“நீங்கள் ஏறினதில்லையோ மாமி?”

“நான் எங்கை ஏறினது” என்றாள் மாமி. “கட்டத் தொடங்கினதிலை இருந்து போவம் போவம் எண்டுதான். ஆரும் வருவினம். இல்லாட்டி ஆரேன் வீட்டிலை ஏதேன் இருக்கும். மாமா ஆக்களுக்கு மாட்டன் எண்டு சொல்ல மாட்டார்.” கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். “நல்ல மனுசன் பிள்ளை. ஊர் முழுக்க நல்ல பேர். எனக்குத்தான் ஒண்டுக்கும் நேரமில்லை.”

மாமி அதைக் குறையாகச் சொல்லவில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். வினோஜா உரித்த வெங்காயத்தை வைத்துவிட்டு ஹோல் பக்கம் திரும்பினாள். ஹோலில் மாமாவும் கஜரூபனும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிரிப்பும் ஒன்றுபோலவே கேட்டது.

கடைசி விருந்து ட்வெய்ட்டாவில், ஜெயரத்தினம் வீட்டில். அங்கே நிற்கிற உயரமான மாடிக்கட்டடங்களில் ஒன்றில், மேல் தட்டில் வீடு. ஜெயரத்தினம் பாட்ஸ்பியோர்ட் கூட்டத்தின் மூத்தவர், அவருடைய மனைவி யோகராணியின் கைச்சமையலுக்கு ஒஸ்லோவில் தனிப் பேர். மற்ற விருந்துகளில் சாப்பாடு போட்டவர்கள் எல்லோரும் இந்த விருந்துக்கு வந்திருந்தார்கள். ஹோலில் எள் விழ இடமில்லை. மறுநாள் காலை நேரே பாரிசுக்கு ரயில் என்று கஜரூபன் வரும்போது காரில் சொன்னான். அவள் எதிர்பார்த்ததுதான். 

மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் மேசையின் தலைப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருத்தினார்கள். வாழையிலை அச்சடித்த கடதாசித் தட்டு. யோகராணி பரிமாறிக்கொண்டே இருந்தாள். போதும் என்றால் அதைக் கேட்கிற காது அந்த வீட்டில் இல்லை.

ஜெயரத்தினம் எதிரே உட்கார்ந்து கஜரூபனைக் கேட்டார்.

“பேந்து, பிரான்சிலை என்ன மாதிரித் தம்பி? தனிய வீடு கீடு பாக்கிறியளோ?”

வினோஜாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. இத்தனை நாளாக அவள் துரத்தித் திரிந்த கேள்வியை யாரோ ஒருவர் ஊறுகாயைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டார். அவள் கஜரூபனின் முகத்தைப் பார்த்தாள். யோசிக்கிறான் என்றாவது சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“சீச்சீ, என்ன மாமா. அம்மா அப்பாவோடைதான் இருப்பம். வினோவுக்கும் அதுதான் விருப்பம்.”

ஹோல் முழுவதும் உச்சி குளிர்ந்துபோனது. “கேட்டியளே? இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளை கிடைக்குமோ?” என்றார் சோதி மாமா. “மாமியார் குடுத்து வைச்சவ” என்றாள் மேரியம்மா. வரதராசா தன் மருமகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். யாரோ வினோஜாவின் தலையைத் தடவினார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் ஒரு பூட்டாக விழுந்தது. இத்தனை பேர் வாழ்த்திய பிறகு பாரிசில் அவள் வாயைத் திறந்தால், அவள்தான் சொன்ன சொல் மாறினவள்.

“எனக்கு அது விருப்பமில்லை மாமா” என்றாள் வினோஜா.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஜெயரத்தினம் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியளே, பிள்ளை பகிடியும் விடுவா!” எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். தேவிகா மாமி மட்டும் சிரிக்கவில்லை.

“பகிடி இல்லை மாமா. எனக்குத் தனிய இருக்கத்தான் விருப்பம். அவரிட்டைக் கேட்டனான். அவர் இன்னும் பதில் சொல்லேல்லை.”

சிரிப்பு நின்றது. எல்லோருடைய கண்ணும் கஜரூபனிடம் போனது. அவன் முகம் சிவந்து, காது சிவந்து, கடைசியில் ஒரு சிரிப்பைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டான்.

“அவ சும்மா சொல்லுறா மாமா. அலைச்சலிலை களைச்சுப்போனா.”

“ஓம், பிள்ளைக்கு நித்திரை காணாது” என்றாள் யோகராணி. “பொறுங்கோ, பாயாசம் கொண்டு வாறன்.”

வினோஜா எழுந்தாள். கையைக் கழுவினாள். கழுத்திலிருந்த பதக்கச் சங்கிலியைக் கழற்றித் தேவிகா மாமியின் கையில் கொடுத்தாள். மாமி அதை வாங்கிக்கொண்டாள். கைப்பையை எடுத்து, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து லிஃப்டுக்கு அழுத்தினாள்.  எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

கஜரூபன் பின்னால் ஓடி வந்து கதவைச் சாத்தினான். லிஃப்டில் அகப்பட்ட அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு இருவரும் இப்போதுதான் தனியாக நின்றார்கள்.

“எல்லாற்றை முன்னாலையும் இப்பிடியே சொல்லுறது வினோ? நான் எப்பிடி அவையின்ரை முகத்தைப் பாக்கிறது?”

“நான் தனியத்தான் கேட்டனான். நீங்கள்தான் எல்லாற்றை முன்னாலையும் பதில் சொன்னனீங்கள்.”

அவன் தலையைக் குனிந்தான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியிருந்தது.

“எனக்கு ஆக்களுக்கு இல்லை எண்டு சொல்லத் தெரியாது. சின்னனிலை இருந்து அப்பிடித்தான். உமக்குத் தெரியும்தானே.”

“எனக்குச் சொல்லுறியளே” என்றாள் வினோஜா. “நான் வந்த நாளிலை இருந்து எனக்கு மட்டும் வடிவாச் சொல்லுறியள். உங்களுக்குத் தெரியாமல் இல்லை.”

அவனுக்கு அது அடியாக விழுந்தது.  தான் அவளுக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லையே என்று முதலில் நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. லிஃப்ட் வந்து கதவைத் திறந்தது. அவள் உள்ளே போய் நின்று, கதவு மூடாமல் கையை வைத்துக்கொண்டாள்.

“வாறியளோ?”

“வாறன்” என்றான் கஜரூபன். “ஓம், வாறன் வினோ. வாரும், போவம். தனிய இருந்து கதைப்பம். எல்லாம் கதைப்பம்.” அவன் குரலில் அவள் ஹம்பர்க்கில் கேட்ட அந்தக் கனிவு இருந்தது. ஓர் எட்டு வைத்தவன் நின்று, தன் காலைப் பார்த்தான். காலுறையோடு நின்றான்.

“சப்பாத்து உள்ளை. போட்டுக்கொண்டு ஓடி வாறன்.”

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். அவசரத்தில் கதவைச் சாத்தவில்லை. வினோஜா லிஃப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மூட வந்து, அவள் கையில் பட்டு, திரும்பிப் போனது. மறுபடி வந்து, மறுபடி போனது.  இந்த மனிதனை அவளுக்குப் பிடிக்கும். ரயிலில் தோளில் சாய இடம் கொடுத்தவன். வந்துவிடுவான் என்று நம்பினாள்.

உள்ளே யோகராணியின் குரல் கேட்டது. “எங்கை தம்பி வெளிக்கிடுறியள்? பாயாசம் கோப்பையிலை விட்டு வைச்சிருக்கு.”

“இல்லை மாமி…” என்றான் கஜரூபன்.

அவன் அந்த வார்த்தையைப் பிறத்தியாருக்குச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வினோஜாவின் கண்ணில் நீர் முட்டியது. லிஃப்டின் கதவு கையில் வந்து இடித்தது, அவள் அழுத்திப் பிடித்தாள்.

“அதெப்பிடி? மாமி ஆசையாச் செய்தது” என்றது ஜெயரத்தினத்தின் குரல். “ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ. அவ குறையா நினைக்கப்போறா.”

 பிறகு ஒரு கதிரை தரையில் இழுபட்டது.

“சரி மாமி, கொஞ்சமா விடுங்கோ.”

வினோஜா கதவிலிருந்து கையை எடுத்தாள்.